பதினேழாம் எண் குழி

கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கேஸ் போடுவார்கள். கேஸை நடத்த ஒரு குழு போடுவார்கள். அந்தக் குழுவின் மினிட்ஸை டைப் அடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த பேஜாரு எனக்கு வேண்டாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பெரிய மதில், மதிலுக்குள் தினமும் தண்ணீர் குடிக்கிற புல்தரை, புல்தரைக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

அங்கே வெள்ளோட்டப் பிரிவில் நான் கிளார்க். பேர் தமீம் அன்சாரி, ஊர் பழவேற்காடு. எங்கள் வீட்டில் மற்ற எல்லோரும் இறாலும் நண்டும் வியாபாரம் செய்து நன்றாக இருக்கிறார்கள். நான் ஒருத்தன் மட்டும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிக் கெட்டுப்போனேன்.

இரண்டாயிரத்து எட்டில் கம்பெனி ஒரு வண்டி செய்தது. சஞ்சாரி 600. வெளிநாட்டுக்காரனுக்கு. சாகசப் பயணம் போகிறவனுக்கு ரொம்பப் பெரிய வண்டியும் ஆகாது, ரொம்பச் சின்ன வண்டியும் ஆகாது, நடுவாந்திரமாக ஒன்று வேண்டும் என்று எவனோ கணக்கெடுத்துச் சொல்லியிருந்தான். அதில் இரண்டு ஜாதி. ஒன்று சஞ்சாரி ரோடு. இன்னொன்று சஞ்சாரி ரஃப். ரோடு, தார் ரோட்டில் போவதற்கு. ரஃப், காட்டிலும் மேட்டிலும் போவதற்கு என்று நினைத்தால் நீங்களும் என்னை மாதிரிதான். ரஃப், காட்டிலும் மேட்டிலும் போகிற வண்டி மாதிரி தெரிவதற்கு.

எஞ்சின் ஒன்றே. சேசிஸ் ஒன்றே. ஷாக் அப்சார்பரும் ஒன்றே. ரஃப்புக்கு மட்டும் ஸ்போக் சக்கரம், முன்னால் கொக்கு மூக்கு போல நீட்டிக்கொண்டு ஒரு மட்கார்டு, கை விரலை மறைக்க ஒரு பிளாஸ்டிக், எஞ்சினுக்கு அடியில் இரும்பு நிறம் பூசிய இன்னொரு பிளாஸ்டிக். சீட்டை மட்டும் ஸ்பாஞ்ச் வைத்து நாலு விரல்கடை உயர்த்தியிருந்தார்கள். உயரமாக உட்கார்ந்தால் சாகசமாக இருக்குமாம்.

ரோடு வண்டிக்குத் தலைவர் சுப்பராயன் சார். வெள்ளோட்டக் குழுவுக்கும் அவரே தலைவர். சஃபாரி சூட், எதைச் சொன்னாலும் "இதுல ஒரு தத்துவம் இருக்கு" என்று தொடங்குவார். ரஃப் வண்டிக்குத் தலைவர் கிறிஸ்டினா மேடம். வடிவமைப்புப் பிரிவு, இத்தாலியில் படித்தவர். இரண்டு பேருக்கும் ஆகாது. ஒருத்தர் டீ குடித்த கப்பில் இன்னொருத்தர் காபி கூடக் குடிக்க மாட்டார்.

முதல் கூட்டத்தில் மேடம் சொன்னதை நான் வரி மாறாமல் அடித்து வைத்திருக்கிறேன். "நம்ம கஸ்டமர் காட்டுக்குப் போக மாட்டார். காட்டுக்குப் போகக்கூடியவர் மாதிரி காபி ஷாப்புக்குப் போவார். அந்த கௌரவத்தைத்தான் நாம விக்கிறோம்." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சம்பளம் வாங்குகிறவன்.

ஆனாலும் வெளிநாட்டு விதிப்படி, ரஃப் என்று பேர் வைத்தால் ரோடில்லாத இடத்தில் ஆயிரம் மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு இடம் எங்கே? சுப்பராயன் சார் டெஸ்ட் ரைடர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். "உங்களுக்குத் தெரிஞ்சதுல ரொம்ப மோசமான பாதை எது?"

பாக்கியராஜ் கையைத் தூக்கினான். கான்ட்ராக்ட் ரைடர், முப்பத்திரண்டு வயது, இந்தப் பக்கத்தில் அவனைப் போல வண்டி ஓட்ட ஆள் கிடையாது. அவன் அப்பா இதே சிப்காட் நிலத்தில் அடுத்தவன் வயலில் களை பிடுங்கியவர்.

"எங்க பனஞ்சேரி காலனி ரோடு சார். அதவிட மோசமான ரோடு இந்தத் தாலுக்காவுலயே கெடையாது சார்" என்றான். ஏதோ பரிசு கொடுக்கப் போகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

அந்த ரோடு ஜி.என்.டி. ரோட்டிலிருந்து பிரிந்து கம்பெனியின் பின் மதிலை ஒட்டி மூன்று கிலோமீட்டர் போய்க் காலனியில் முடியும். டிப்பர் லாரிகள் போய்ப் போய் அதைத் தின்றுவிட்டிருந்தன. வேறு வழி கிடையாது. கூட்டம் முடிந்து கேன்டீனில் நாஷ்டா சாப்பிடும்போது, "ஏன்டா வாயைக் கொடுத்தே?" என்றேன்.

"பாய், பெரிய மனுசங்க ஒரு வாட்டி வந்து கண்ணால பாத்துட்டா சும்மா பூடுவாங்களா? நாலு லோடு ஜல்லியாவது கொட்டுவாங்க. சாராளுக்கு இப்ப மூணாவது மாசம். மே மாசம் அவ ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள ரோடு வந்துடும் பாரு."

சாராள் அவன் மனைவி. கல்யாணமாகி எட்டு வருஷம். இரண்டு தடவை கலைந்து மூன்றாவதாகத் தங்கியது இது. அவன் அதைச் சொல்லும்போது இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தானே தவிர வாயில் வைக்கவில்லை. "வரும்டா, கண்டிப்பா வரும்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஒரு வாரத்தில் கம்பெனிக் கார்கள் மூன்று காலனிக்குப் போயின. நானும் நோட்டோடு போனேன். ஜனங்கள் சாமந்தி மாலை போட்டார்கள், கலர் சோடா கொடுத்தார்கள். அதிகாரிகள் டேப்பை எடுத்துக் குழிகளை அளக்கத் தொடங்கியதும் ஆரோக்கியமேரி அக்கா என்று ஒரு அம்மாள் அழுதேவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு அதிகாரி அந்தக் குழிகளைக் குனிந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. காலனிக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் தனி வீட்டில் இருக்கிற சடையப்பன், ஃபவுண்டரியில் வேலை செய்கிறவன், தானே குழிக்குள் இறங்கி டேப்பின் நுனியைப் பிடித்தான். "ஒன்றரை அடி சார்! கொறச்சி எழுதாதீங்க சார்!" என்றான். மொத்தம் இருபத்தாறு குழி. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சள் பெயின்ட்டில் எண் போட்டார்கள். ஜி.என்.டி. ரோட்டிலிருந்து ஒன்று, இரண்டு என்று தொடங்கி காலனி வாசலில் இருபத்தாறு. சடையப்பன் வீட்டு வாசலில் இருந்தது பதினேழு.

அடுத்த மாதம் ரோட்டு முனையில் பந்தல் போட்டு விழா நடந்தது. கம்பெனி அந்த ரோட்டைத் தத்தெடுத்தது. சுப்பராயன் சார் பேசினார்.

"இதுல ஒரு தத்துவம் இருக்கு. வெளிநாட்டுல இந்த மாதிரி ஒரு பாதை வேணும்னா கோடிக்கணக்குல செலவு பண்ணி உண்டாக்கணும். உங்களுக்கு இயற்கையா அமைஞ்சிருக்கு. இதோட அருமை உங்களுக்குத் தெரியல. இனிமே இந்த ரோட்டுல ஒரு கல்லைக்கூட யாரும் மாத்த முடியாது. அதுக்கு இந்தக் கம்பெனி பொறுப்பு."

ஜனங்கள் பலமாகக் கை தட்டினார்கள். கடைசி இரண்டு வாக்கியத்தின் அர்த்தம் எனக்குக் கூட அன்றைக்குப் புரியவில்லை. மறுநாள் ஒரு கடிதம் டைப் அடிக்கக் கொடுத்தபோதுதான் புரிந்தது. ரோடு போட வேண்டிய ஆபீசுக்கு எழுதிய கடிதம் அது. பனஞ்சேரி ரோட்டுக்குத் தார் போடும் வேலை அந்த வருஷப் பட்டியலில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. அதை இரண்டு வருஷம் தள்ளி வைக்கும்படி கம்பெனி பணிவோடு கேட்டுக்கொண்டது. அவர்கள் அதைவிடப் பணிவோடு ஒப்புக்கொண்டார்கள். ஒரு வேலையைச் செய்யாமல் இருக்கச் சொல்லி அந்த ஆபீசுக்கு வந்த முதல் விண்ணப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

பாக்கியராஜிடம் அதைச் சொல்ல எனக்கு நாலு நாள் ஆனது. கேட்டுவிட்டு, "நாந்தான பாய் கையத் தூக்குனேன்" என்றான்.

பிறகு பராமரிப்பு தொடங்கியது. மற்ற கம்பெனிகள் ரோட்டைப் பராமரிக்கும். எங்கள் கம்பெனி குழியைப் பராமரித்தது. குழிப் பதிவேடு என்று ஒன்று என்னிடம் இருந்தது. நீளம், அகலம், ஆழம், வாராவாரம் அளந்து எழுத வேண்டும். ஜனவரியில் சடையப்பன் ஃபவுண்டரிக் கசடு இரண்டு மூட்டை கொண்டுவந்து தன் வாசல் குழியை அடைத்துவிட்டான். அவன் மகள் ஸ்கூலுக்கு சைக்கிளில் போகும்போது அதில் விழுந்து பல் உடைந்திருந்தது. பதிவேட்டில் 'ஆழம்: இல்லை' என்று வந்ததும் ஆபீஸே ஆடிப்போய்விட்டது. கடப்பாரையோடு நாலு பேர் போய்க் கசடைத் தோண்டி எடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு அங்குலம் அதிகமாகவே தோண்டினார்கள், பின்னால் தேவைப்படும் என்று.

சடையப்பன் விசாரணைக்கு வந்தான்.

"நிறுவனத்தின் சோதனைச் சாதனத்தை ஏன் சேதப்படுத்தினாய்?" என்று கேட்டார் சுப்பராயன் சார்.

"சாதனம் எதயும் நான் தொடல சார். பள்ளத்தத்தான் மூடுனேன்."

"பள்ளம்தான்யா சாதனம்!"

"எங்கூட்டு வாசல் சார் அது."

"வாசல் உன்னுது. பள்ளம் எங்களுது. ரெண்டையும் கொழப்பாதே."

சடையப்பன் என்னைப் பார்த்தான். நான் ரிமிங்டன் டைப்ரைட்டரின் ரிப்பனைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இனி வெள்ளோட்டச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரைடர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு சீட்டு நிரப்ப வேண்டும். வண்டி எண், பாதை, பழுது. அதோடு, ஓட்டுகிறவனையும் சேர்த்து, ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை என்று இரண்டு கட்டம். காலனிக்காரர்களை வழியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு தடவை புகார் வந்தது. அதைப் பிடிப்பதற்காகச் சுப்பராயன் சார் தன் கைப்படக் கோடு போட்டுச் சேர்த்த கட்டங்கள். ஏறியவர் தொகையும் இறங்கியவர் தொகையும் ஒன்றாக இல்லாவிட்டால் மெமோ. சீட்டு வராவிட்டாலும் மெமோ.

பாக்கியராஜ் பொய் எழுதத் தெரியாதவன். ரஃப்பை அந்த ரோட்டில் ஓட்டிவிட்டு எழுதினான்: 'நாலாம் குழியில் கொக்கு மூக்கு விழுந்தது. ஒன்பதில் வலது கை பிளாஸ்டிக். பதினேழில் அடித்தட்டு இரண்டாகப் போனது, மூன்று ஸ்போக் வளைந்தது.' அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். ஒருநாள் மத்தியானம் ரோடு வண்டியில் வீட்டுக்குச் சாப்பிடப் போய்வந்தான். மறைக்காமல் அதற்கும் சீட்டு கொடுத்தான்: 'ரோடு வண்டி இருபத்தாறு குழியும் ஏறி இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. விழுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. சீட் தாழ்வு என்பதால் காலை ஊன்ற முடிகிறது.'

இதைப் படித்ததும் குழுவில் நெருப்புப் பற்றிக்கொண்டது. சுப்பராயன் சாருக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், அவர் வண்டி ஜெயித்ததே என்று. வரவில்லை.

"ரோடு வண்டி ரோடில்லாத எடத்துல எப்படிப் போகலாம்? அது நல்லாப் போச்சுன்னு வெளியில தெரிஞ்சா ரஃப்பை எவன் வாங்குவான்? இது ஒழுங்கீனம்."

மேடத்துக்கு வேறு கவலை. "என் வண்டி எங்கேயும் உடையல. அந்தக் குழி டிசைன் சரியில்லை. எந்த அளவுகோலும் இல்லாம வெட்டியிருக்காங்க. என் வண்டிக்கு ஸ்டைல் இருக்கு. அந்த ஸ்டைலுக்குப் பொருத்தமான பாதை எங்கே?"

இரண்டு பேரும் ஒரே கருத்துக்கு வந்தது அந்த ஒரு நாள்தான். வண்டி பாஸ், குழி ஃபெயில் என்று தீர்மானம் போட்டார்கள். நான் அடித்தேன்.

மார்ச் மாதம் மதிலுக்குள் ஒரு பாதை போட்டார்கள். பின் கேட்டிலிருந்து முன் கேட் வரை ஒரு கிலோமீட்டர், முழுக்க கான்கிரீட். அப்படியொரு வழவழப்பை நான் இதற்கு முன் பார்த்தது கிடையாது. அதன் மேல் செம்மண் நிறத்தில் பெயின்ட். இரண்டு ஓரத்திலும் ஃபைபரில் செய்த பாறைகள். நடுநடுவே சேறு மாதிரி தெரிய பழுப்பு நிறத்தில் வட்டங்கள். ரஃப்பை அதில் ஓட்டினார்கள். ஆயிரம் மணி நேரம், ஒரு ஸ்க்ரூ கழலவில்லை. மேடம் பாறைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

பாக்கியராஜ் சுப்பராயன் சார் அறைக்குப் போய் நின்றான். நானும் கூடப் போனேன்.

"சார், அதான் உள்ளயே டிராக் வந்துட்ச்சே சார். எங்க ரோட்ட விட்டுட்டா, அவங்க தாராச்சும் போடுவாங்க. ஊட்ல ஏழாவது மாசம் நடக்குது சார்."

"தத்தெடுத்த புள்ளையை நடுவுல விட முடியுமா பாக்கியராஜ்? வண்டி வெளியீடு முடியட்டும்."

"அப்ப அவசரத்துக்கு மட்டும் இந்த டிராக் வழியா போய்க்கவா சார்? பின் கேட் எங்க காலனிக்குப் பக்கம்."

"எழுதிக் கொடு. குழுவுல வைக்கலாம்."

எழுதிக் கொடுத்தான். நான்தான் டைப் அடித்தேன். பொருள் எண் பதினொன்றாக அது மூன்று கூட்டங்களில் வைக்கப்பட்டது. மூன்று கூட்டங்களும் பொருள் எண் ஒன்பதிலேயே டீ நேரத்துக்கு வந்துவிட்டன. ஒன்பது, பாறைகளுக்கு எந்த நிறம் என்பது.

வெளியீடு ஏப்ரல் இருபத்தெட்டு. வெளிநாட்டு டீலர்கள் பதினாலு பேர் வருகிறார்கள், டிராக்கில் ஓட்டிப் பார்ப்பார்கள். மேடத்துக்கு ஒரு ஆசை. அரங்க வாசலில் நிஜமான சேறு பட்ட ரஃப் ஒன்று நிற்க வேண்டும். டிராக் சேறு கையில் ஒட்டாது, அது பெயின்ட். அதனால் பாக்கியராஜ் காலனி ரோட்டில் ஓட்டி வண்டியைச் சேறாக்கிக்கொண்டு நாலு மணிக்குள் வர வேண்டும் என்று ஆர்டர். ஏப்ரலில் சேற்றுக்கு எங்கே போவது? காலையில் இரண்டு டேங்கர் தண்ணீர் கொண்டுபோய் இருபத்தாறு குழிகளிலும் ஊற்றினார்கள். மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வராத காலனி அது. பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். செக்யூரிட்டிக்காரர்கள் குடங்களைத் தட்டிவிட்டுக் குழியில் ஊற்றினார்கள். அன்றைய பதிவேட்டில் 'குழிகள் திருப்திகரம்' என்று என் கையெழுத்து இருக்கிறது.

மூன்று மணிக்கு பாக்கியராஜ் காலனி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆரோக்கியமேரி அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். சாராளுக்கு ரத்தம் போகிறது. எட்டாவது மாசம். நூற்றெட்டுக்கு போன் போட்டு அரை மணியாகிறது. அவனுக்குப் பின்னாலேயே ஆம்புலன்ஸ் வந்தது. தண்ணீர் நிற்கிற குழியின் ஆழம் தெரியாமல் ஐந்தாம் குழியில் சக்கரம் இறங்கி மாட்டிக்கொண்டு நிற்கிறது. எப்படியாவது அதுவரை கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆம்பிளைகள் எல்லாம் ஷிப்டில். காலனியில் இருந்த ஒரே வண்டி அந்த ரஃப்.

அந்த உயரமான சீட்டில் அவளால் ஏற முடியவில்லை. ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, இரண்டு பெண்கள் தூக்கி உட்கார வைத்து, ஒரு புடவையால் அவளை அவன் இடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். அவன் நேராகப் பின் கேட்டுக்கு வந்தான். டிராக் வழியாகப் போனால் இரண்டு நிமிஷத்தில் ஜி.என்.டி. ரோடு.

பின் கேட்டில் செக்யூரிட்டி அன்பு. நல்லவன். எனக்கு போன் போட்டான்.

"பாய், பாக்கியராஜு பொண்டாட்டிய வெச்சிக்கினு வந்து நிக்கிறான். அந்தப் பொண்ணு தொவண்டுகினே போவுது. கேட்டத் தொறக்கட்டா?"

தொற என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் நான் சொல்லியிருந்தால் அன்பு திறந்திருப்பான். அவன் என்னைக் கேட்டதே அதற்குத்தான், யாராவது ஒருத்தர் சொன்னார் என்று இருக்க வேண்டும் அவனுக்கு. நான் சொன்னேன்: "இரு, கேட்டு சொல்றேன்."

இந்த ஜென்மத்தில் நான் சொன்ன வார்த்தைகளில் ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று அல்லாஹ் அனுமதித்தால் அதைத்தான் எடுப்பேன்.

அரங்கத்துக்குள் ஓடினேன். மேடைக்குப் பின்னால் இரண்டு பேரும் இருந்தார்கள். சொன்னேன்.

"வண்டி சேறா இருக்கா, சுத்தமா?" என்றார் மேடம்.

"சேறு மேடம். நீங்க சொன்ன மாதிரியே."

"அய்யோ, சேறான வண்டி டிராக்ல வந்தா அந்தச் சேறு டிசைனே கெட்டுப்போகும். கெஸ்ட் இன்னும் ரெண்டு ரவுண்டு போகணும்."

"மேடம், ரத்தம் போகுதாம்."

"அதை ஏன் நீ கெஸ்ட் காதுல விழற மாதிரி சொல்றே?"

சுப்பராயன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கு. நான் மறுக்கவே மாட்டேன். ஆனா இதுல ஒரு தத்துவம் இருக்கு. பின்னாடி இருக்கிறவங்களுக்கு ஹெல்மெட் உண்டா? டிராக்குல ஏறணும்னா முழங்கால் கவசம் வேணும். நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

இப்படிப் பேசினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்று பத்துக்குத் தொடங்கி மூன்று இருபத்தெட்டுக்கு முடிவெடுத்தார்கள். கடைசி ரவுண்டு முடிந்ததும், வண்டியைக் கழுவியபின், சிறப்பு நேர்வாகக் கருதி அனுமதிக்கலாம். ஓடிப்போய் அன்புக்கு போன் போட்டேன்.

"அவன் அப்பவே திரும்பிப் போயிட்டான் பாய்" என்றான் அன்பு. "கேட்டப் புடிச்சிக்கினு அஞ்சி நிமிசம் அழுதான். நானும் தொறக்கல. போயிட்டான்."

திரும்பிப் போனவன் குழி ரோட்டிலேயே போயிருக்கிறான். இருபதாம் குழி, பத்தொன்பது, பதினெட்டு எல்லாம் காலை ஊன்றி ஊன்றி இறக்கியிருக்கிறான். பதினேழில் கால் எட்டவில்லை. இரண்டு அங்குலம் அதிகமாகத் தோண்டிய குழி, மேலே நாலு விரல்கடை உயர்த்திய சீட். வண்டி சாய்ந்தது. புடவை கட்டியிருந்ததால் அவளும் அவனோடு தண்ணீருக்குள் விழுந்தாள். சத்தம் கேட்டு நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த சடையப்பன் எழுந்து ஓடிவந்து அவளைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் வரை ஓடினான். அதற்குள் அதைத் தள்ளி வெளியே எடுத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சாராளைக் காப்பாற்றினார். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. பெண் குழந்தை. "ஒரு அரை மணி முன்னாடி வந்திருந்தா" என்று சொல்ல ஆரம்பித்து, பாக்கியராஜ் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாராம்.

அவன் ஆறு நாள் வரவில்லை. ஏழாம் நாள் வந்தான். ஷேவ் செய்து, யூனிபார்ம் போட்டு, ஒழுங்காக வந்தான். இருபத்தெட்டாம் தேதி ஓட்டத்துக்குச் சீட்டு வராமல் இருந்தது. என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து நிரப்பினான். நான் டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தேன். அவன் குடிக்கவில்லை. சீட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

வண்டி எண்: ரஃப் 3. பாதை: பனஞ்சேரி ரோடு. பழுது: வண்டியில் ஒன்றும் இல்லை. ஏறியவர்: மூன்று. இறங்கியவர்: இரண்டு.

குழு கூடியது. மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "வண்டியில் ஒன்றும் இல்லைன்னு எழுதியிருக்கார் பாருங்க! அந்த ரோட்டுல, அந்த நிலைமையில! இதைவிட வெள்ளோட்டம் எது? பேர் இல்லாம பிரசுரத்துல போடலாம்." சுப்பராயன் சாரின் கண் மட்டும் கீழே இருந்த கட்டங்களில் நின்றது. அவர் கோடு போட்ட கட்டங்கள் அல்லவா?

"மூணு பேரா? இது ரெண்டு பேர் வண்டி. கூட இன்னொரு ஆளை ஏத்தியிருக்கான். அந்த ஆள் நடுவுல எங்கேயோ எறங்கிட்டான். இதைப் புடிக்கத்தான் இந்தக் கட்டமே."

"சார்," என்றேன். "அது..."

"நீ அடி."

அடித்தேன். கம்பெனி வழக்கப்படி மெமோவை வீட்டில் நேராகக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கலாம். எனக்கு ஏதாவது தண்டனை அனுபவித்தே ஆக வேண்டும் போல இருந்தது. அதனால் நானே போனேன்.

வண்டி போகாது என்பதால் நடந்தேன். பதினேழாம் எண் குழியில் சடையப்பன் கசடு கொட்டிக்கொண்டிருந்தான். மஞ்சள் எண்ணின் மேலேயே கொட்டினான். என்னைப் பார்த்ததும் சட்டியை வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்து நிமிர்ந்து நின்றான். "எழுதிக்கினு போ பாய். ஆழம் இல்லன்னு எழுதிக்கினு போ. எவன் வந்து தோண்டறான்னு பாக்கறேன்" என்றான். நான் நோட்டை வெளியில் எடுக்கவில்லை.

பாக்கியராஜ் டூட்டியில் இருந்தான். சாராள் மட்டும் வீட்டில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "வா பாய்" என்றாள். எழுந்திருக்கப் பார்த்தாள், வேண்டாம்மா என்றேன். காகிதத்தை வாங்கினாள். எட்டாவது வரை படித்தவள், விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். "'மேற்படி ஓட்டத்தில் வண்டியில் ஏறி, இறங்கியவர் கணக்கில் வராத மூன்றாவது நபரின் பெயர், வயது, நிறுவனத்தோடு அவருக்கு உள்ள தொடர்பு ஆகிய விவரங்களை மூன்று நாட்களுக்குள்...'"

அதோடு நிறுத்தினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். காகிதத்தைக் கிழித்து என் மூஞ்சியில் எறிய வேண்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது. அவள் கீழே காலியாக விட்டிருந்த மூன்று கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பேரு இன்னும் வெக்கலையே பாய்," என்றாள். "வயசுன்ற எடத்துல இன்னா எழுதணும்?"